கல்யாணத்துக்கு அப்புறம்தான் கதையே: விக்டோரியக் கால நாவல்களில் காதலும் அதிகாரமும்

ஜூன் 4 (ஒரு வாசகர் கேட்டது)

விக்டோரியக் கால ஆங்கில நாவல் எதை எடுத்தாலும் மாதா கோவில் மணியோடு முடிகிறது. ஆயிரம் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரு கல்யாணம், சுபம். பத்து வருஷம் கழித்து அந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? தைரியம் இல்லாத எழுத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 4, இரவு

எழுதியிருக்கிறார்கள். நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

ஜார்ஜ் எலியட்டின் (ஆண் பெயரில் எழுதிய பெண் அவர்) ‘மிடில்மார்ச்’ 1871, 72இல் எட்டுப் பகுதிகளாக வந்தது. டொரோத்தியாவுக்கும் கசாபனுக்கும் முதல் பகுதியிலேயே கல்யாணம் முடிந்துவிடுகிறது. தேனிலவுக்கு ரோமுக்குப் போன இடத்தில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ட்ரொல்லோப்பின் ‘ஹி நியூ ஹி வாஸ் ரைட்’ (1869) முதல் அத்தியாயத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டு, மிச்சமுள்ள தொண்ணூற்றுச்சொச்சம் அத்தியாயங்களும் அந்தக் கல்யாணம் சிதைவதைச் சொல்கிறது. ஆன் பிராண்டியின் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ (1848) நடுப்பகுதி முழுக்கக் குடிகாரக் கணவனோடு வாழ்ந்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு.

காதலித்தார்களா இல்லையா என்பது இவர்களுக்கு ஆரம்பக் கேள்விதான். சொத்து, பிள்ளை, வாசற்கதவு மூன்றும் ஒருவர் கைக்குள்ளேயே இருக்கிற வீட்டில் அன்பு எத்தனை நாள் தாங்கும்? அந்தக் கேள்வியைத்தான் இவர்கள் விடாமல் துருவுகிறார்கள்.

ஜூன் 5

அந்தக் காலத்துச் சட்டம் தெரியாமல் இந்த நாவல்களைப் படித்தால் பாதிதான் புரியும். கல்லூரியில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பாத்திரப் படைப்பு, நடை, உத்தி என்றுதான் பரீட்சைக்கு எழுதினோம்.

இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படி கல்யாணமானதும் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன். மனைவியின் பணம் அவனுடையது. அவள் உழைத்துச் சம்பாதித்தாலும் அவனுடையதுதான். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அப்பா, மாமா யாராவது முன்கூட்டியே பத்திரம் எழுதி, அறங்காவலர் பெயரில் சொத்தைப் பூட்டி வைத்தால் தப்பியது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பிள்ளையும் தகப்பன் உடைமை.

கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் கதையைப் பாருங்கள். 1836இல் அவருடைய கணவர், பிரதமர் மெல்போர்ன் பிரபு தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டார், தோற்றார். தோற்றும் என்ன? மூன்று மகன்களையும் தாயிடமிருந்து பிரித்து வைத்துக்கொள்ளச் சட்டம் அவருக்கு இடம் கொடுத்தது. கரோலின் ஓயாமல் எழுதினார், வாதாடினார். 1839இல் ஒரு சட்டம் வந்தது: 7 வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம். உரிமை என்று சொல்லவில்லை, கேட்கலாம் என்றுதான் சொன்னது. ஆனால் பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள், சட்டம் அங்கே செல்லாது. கடைசி மகன் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டு இறந்துபோனான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வைல்ட்ஃபெல் ஹாலுக்குத் திரும்பிப் போங்கள். ஹெலன் தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கதைக்குள் 1820களில். 1839 சட்டம்கூட அப்போது இல்லை. படம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று திட்டம் போடுகிறாள். கணவன் ஹண்டிங்டன் அவளுடைய நாட்குறிப்பைப் பிடுங்கிப் படிக்கிறான், திட்டம் தெரிந்துவிடுகிறது. உடனே வர்ணங்கள், தூரிகைகள் எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். எனக்கு முதலில் அது வெறும் குடிகாரக் கோபமாகத்தான் தெரிந்தது. சட்டம் தெரிந்த பிறகு வேறு மாதிரி தெரிகிறது. அவள் கையிலிருந்த ஒரே பிழைப்பு வழி அந்தத் தூரிகைகள்தான், அது எரிகிறது. அப்புறம் பொய்ப் பெயரில் ஒரு பாழடைந்த வீட்டில் ஒளிந்துகொண்டு படம் விற்கிறாளே, அந்தக் காசும் சட்டப்படி அவனுக்குச் சேர வேண்டியதுதான். பிள்ளையோடு அவள் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் சட்டத்துக்கு விரோதமான நாள்.

ஆன் பிராண்டி 1849 மே மாதம் ஸ்கார்பரோவில் 29 வயதில் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் இந்த நாவலை மறுபதிப்புக் கொண்டுவர அக்கா சார்லட் விரும்பவில்லை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

ஜூன் 5, பிற்பகல்

சார்லட்டின் ‘ஜேன் எயர்’ மட்டும் சந்தோஷமாக முடிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் சகோதரர் விட்டுப்போன 20,000 பவுண்டை ஜேன் நால்வருக்குப் பங்கிட்டு, தன் பங்கு 5,000 பவுண்டோடு, ‘நான் இப்போது யார் தயவிலும் இல்லை’ என்ற தெம்போடு காதலன் ராச்செஸ்டரிடம் திரும்பி வருகிறாள். அருமையான இடம். ஆனால் நாவல் வந்த 1847இல் இருந்த சட்டப்படி, பத்திரம் ஏதும் எழுதி வைக்காவிட்டால், மாதா கோவில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த 5,000 பவுண்டும் ராச்செஸ்டருக்குப் போய்விடும். சார்லட் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ராச்செஸ்டரின் பார்வையையும் ஒரு கையையும் பறித்தார். அப்படிப் பறித்தால்தான் தராசு சமமாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதுவே அந்தக் காலத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லிவிடுகிறது.

ஜூன் 5, இரவு

ஏழைகள் என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்டார்.

டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ (1854) நாவலில் ஸ்டீபன் பிளாக்பூல் என்ற தறித்தொழிலாளி, குடிக்கு அடிமையான மனைவியிடமிருந்து விடுபட வழி உண்டா என்று முதலாளி பவுண்டர்பியிடம் போய்க் கேட்கிறான். உண்டு, இந்தக் கோர்ட், அந்தக் கோர்ட், பிறகு பிரபுக்கள் சபை, பிறகு பாராளுமன்றத்தில் தனிச் சட்டம், எல்லாம் சுலபமாக நடந்தால் ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு பவுண்டு ஆகும் என்கிறார் முதலாளி. மூன்று வருஷம் கழித்து, 1857இல், விவாகரத்துக்குத் தனி நீதிமன்றம் வந்தது. அதிலும் ஓரவஞ்சனை. மனைவி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்குப் போதும். மனைவி கேட்டாலோ, அவன் தவறியதோடு கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டுப் போனதோ, அது மாதிரி இன்னொன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஹார்டியின் ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ (1886) சந்தையில் மனைவியை ஏலம் விடுவதோடு ஆரம்பிக்கிறது. ஐந்து கினிக்கு ஒரு மாலுமி வாங்கிக்கொண்டு போகிறான். மிகையாகத் தோன்றும், ஆனால் சட்டத்தில் இடமில்லாத இந்த வழக்கம் இங்கிலாந்து கிராமங்களில் உண்மையிலேயே இருந்தது. ஆயிரம் பவுண்டு இல்லாதவர்களின் விவாகரத்து அதுதான்.

ஜூன் 7

‘மிக மோசமான கணவன் யார்’ என்று பட்டியல் போடச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டியல் வேண்டாம். ஒருவனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எலியட்டின் கடைசி நாவல் ‘டேனியல் டெரோண்டா’ (1876). அதில் வரும் கிராண்ட்கோர்ட் குடிப்பவன் அல்ல, அடிப்பவன் அல்ல, குரலை உயர்த்துவதுகூடக் கிடையாது. இழுத்து இழுத்து, சலிப்போடு, நாலு வார்த்தைதான் பேசுவான். வீட்டில் அவன் எப்படிப்பட்டவன் என்று எலியட் காட்டுவது அவன் நாய்களை வைத்து. காலைச் சாப்பாடு முடிந்த நேரம். ஒரு பெரிய நாய் அவன் முகத்தையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கண் முன்னாலேயே சின்ன நாயை எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுகிறான். பெரிய நாய் பொறாமையில் முனகுகிறது. அந்த முனகலுக்காகத்தான் அதுவரை செய்தான். முனகல் சத்தமானதும், அதை வெளியே துரத்து என்கிறான். இரண்டு பக்கம்தான். அந்த மனிதனின் கல்யாணம் எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

க்வெண்டலின் அவனைக் கட்டிக்கொள்வது குடும்பத்தின் பணம் முழுகிப்போனதால். வீட்டு ஆசிரியை வேலைக்குப் போவதா இவனைக் கட்டுவதா என்ற நிலை. அதற்கு முன்பே லிடியா கிளாஷர் என்ற பெண் அவளைச் சந்தித்து, கிராண்ட்கோர்ட்டுக்குத் தான் நாலு பிள்ளை பெற்றதைச் சொல்லியிருக்கிறாள். உன் வழியில் குறுக்கே வரமாட்டேன் என்று க்வெண்டலின் வாக்குக் கொடுத்தாள், மீறினாள். கல்யாண ராத்திரி ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே குடும்ப வைரங்கள், கூடவே லிடியாவின் சாபக் கடிதம்.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வரும் ஒரு சின்ன இடம். விருந்துக்குக் கிளம்புகிறார்கள். அந்த வைரங்களைத் தவிர எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறாள். அவன் வைரங்களைப் போடச் சொல்கிறான். எனக்குப் பொருந்தாது என்று ஏதோ சொல்லிப் பார்க்கிறாள். நான் சொல்லியும் போடாததற்குக் காரணத்தைச் சொல் என்று கேட்கிறான், அதே சோம்பல் குரலில். காரணத்தை எப்படிச் சொல்வாள்? சொன்னால், லிடியாவைப் பற்றித் தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறாள், அவனே மாட்டிவிடுகிறான். கடைசித் தோட்டைப் போட்டு முடித்ததும், உனக்கு ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது, நிறைய உரோம ஆடை போட்டுக்கொள் என்கிறான்.

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பக்கத்து அறையில் யாராவது இருந்திருந்தால், மனைவிக்குத் தன் கையால் நகை போட்டு அழகு பார்க்கும் கணவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஹண்டிங்டன் மாதிரி ஆட்களைப் பற்றி ஊருக்குத் தெரியும், அயலார் பரிதாபப்படுவார்கள். கிராண்ட்கோர்ட்டின் மனைவிக்கு அந்தப் பரிதாபம்கூடக் கிடைக்காது.

ஜூன் 8

நேற்றைய குறிப்புக்கு வந்த பதிலில் ஒரு தோழி கேட்டிருந்தார்: ‘பெண்கள் எல்லாம் பாவம், ஆண்கள் எல்லாம் கொடுமை என்று முடித்துவிட்டால் ரோசமண்டை எங்கே வைப்பீர்கள்?’

சரியான கேள்வி. நாலாம் தேதி ‘எல்லாம் ஒருவர் கைக்குள்’ என்று எழுதினேன். ரோசமண்டை நினைத்தால் அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மிடில்மார்ச்சில் லிட்கேட் இளம் டாக்டர். பாரிஸில் படித்தவன், மருத்துவ ஆராய்ச்சியில் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. ஊரிலேயே அழகான பெண்ணான ரோசமண்டைக் கட்டுகிறான். கடன் ஏறுகிறது. வீட்டை ஆள் பார்த்து விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகலாம் என்று தரகரிடம் சொல்லி வைக்கிறான். ரோசமண்ட் எதிர்த்துப் பேசவில்லை. அவன் இல்லாத நேரம் தரகரைப் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வருகிறாள். அவனுக்குத் தெரியாமல் அவனுடைய பணக்காரப் பெரியப்பாவுக்கு உதவி கேட்டுக் கடிதம் போடுகிறாள். பதில் லிட்கேட் பெயருக்கே வருகிறது, பெண்டாட்டியை விட்டு எழுத வைத்தாயா என்ற ஏளனத்தோடு. கர்ப்பமாக இருக்கும்போது குதிரை ஏறாதே என்று டாக்டர் கணவன் கெஞ்சுகிறான். ஏறுகிறாள், குழந்தை தங்கவில்லை. எதற்கும் அவள் கத்தவில்லை. கண்ணில் இரண்டு சொட்டு நீர், கழுத்தைத் திருப்பிக்கொள்வது, மௌனம். ஒவ்வொரு முறையும் லிட்கேட்தான் தோற்றுப்போய் மன்னிப்புக் கேட்கிறான். ஆராய்ச்சி எல்லாம் போய், பணக்காரர்களின் கீல்வாதத்துக்கு மருந்து கொடுக்கும் டாக்டராகி, கீல்வாதம் பற்றி ஒரு புத்தகம் எழுதி, 50 வயதில் சாகிறான்.

சட்டமெல்லாம் லிட்கேட் பக்கம், ஜெயித்தது ரோசமண்ட். கேட்டு வாங்க முடியாதவள் கேட்காமலே செய்துமுடிக்கக் கற்றுக்கொள்கிறாள். அதிகாரம் இல்லாத இடத்தில் இப்படி ஓர் அதிகாரம் முளைப்பதை எலியட் அளவுக்கு நுணுக்கமாகப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஜூன் 9

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் முதல் தடவை படித்தபோது நான் முழுக்க லிட்கேட் கட்சி. ரோசமண்ட் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, எங்கள் வீட்டில் தொழில் நொடித்திருந்த சமயம், மறுபடி எடுத்தேன். லிட்கேட் கடனைப் பற்றிச் சொல்லும் அத்தியாயத்தில் ரோசமண்ட் தன் நகைப் பெட்டியை எடுத்து வந்து கணவன் முன் வைத்து, எது வேண்டுமோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அதற்குச் சில நாள் முன்னால் என்னவர் தயங்கித் தயங்கி வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. சமையலறையில் கையைக் கழுவி, சோப்பு நுரையில் வளையலைக் கழற்றி, துடைத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டு, ‘எடுத்துக்கோங்க’ என்றேன். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. அவர் அதைத் தொடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கொடுத்தது நான்தான், ஆனால் கொடுத்த விதத்தில் அவர் குறுகிப்போனார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அப்படிக் கொடுத்தேன்.

ஏன் என்றால், கடன் வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிட்கேட்டும் கேட்கவில்லை. வீடு பிடித்ததும், மேசை நாற்காலி, வெள்ளிச் சாமான் வாங்கியதும் அவன் இஷ்டம். பணம் தீர்ந்த பிறகுதான் மனைவிக்குக் கணக்குச் சொல்கிறான். ரோசமண்டுக்கு இப்போதும் நான் வக்கீல் இல்லை. ஆனால் கடன் பட்டியலில் மட்டும் பங்காளியாக்கப்பட்டவள் வேறு எப்படி நடந்துகொள்வாள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஜூன் 12

ட்ரொல்லோப்புக்கு வருகிறேன். லூயிஸ் ட்ரெவெல்யன் நல்லவன். பணக்காரன், மனைவி எமிலியை உண்மையாக நேசித்துக் கட்டியவன். எமிலியின் அப்பாவுக்குப் பழைய நண்பரான கர்னல் ஆஸ்போர்ன் அடிக்கடி வீட்டுக்கு வருகிறார். அது ட்ரெவெல்யனுக்குப் பிடிக்கவில்லை. எமிலி மீது சந்தேகம்கூட இல்லை, ஊர் பேசுமே என்ற எரிச்சல். வரவிடாதே என்கிறான். சொல்லிவிட்டுத் தன்மேலேயே வெட்கப்படுகிறான். இவள் ஒரு வார்த்தை ‘சரி’ என்று பணிந்தால் அவனும் இறங்கி வந்துவிடுவான். என் மேல் தப்பே இல்லாதபோது நான் எதற்குப் பணிய வேண்டும், முதலில் சொன்னதை நீங்கள் திரும்ப எடுங்கள் என்கிறாள் அவள். இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் உண்டு, அதனால்தான் படிக்க அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகிறான். தனிவீடு, அப்புறம் பாசில் என்ற பழைய போலீஸ்காரனைத் துப்பறிய வைப்பது, அப்புறம் குழந்தையைத் தாயிடமிருந்து கடத்தி இத்தாலியில் சியெனாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளித்து வைப்பது. அந்த வீட்டில் குழந்தையைப் பார்க்கும் காட்சியை மறக்கவே முடியாது. நல்ல உடுப்பெல்லாம் போட்டிருக்கிறது, விளையாடத் தெரியாமல் நிற்கிறது.

தன் சுயசரிதையில் ட்ரொல்லோப், அந்த மனிதன் மேல் வாசகருக்கு இரக்கம் வர வேண்டும் என்று நினைத்து எழுதினேன், அதில் தோற்றுவிட்டேன் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு இரக்கம் வந்தது. நான் நினைத்ததுதான் சரி என்று நிரூபிக்கப்பட வேண்டும் என்பதற்காக, மனைவி தவறானவளாகவே இருந்துவிட்டால் தேவலை என்று ஆசைப்படும் இடம்வரை ஒரு மனிதன் போய்விடுகிறான். அவனுக்கு அதிகாரத்தைக் கொடுத்தது சட்டம். அதைப் பாதியில் கீழே வைக்கும் வழியை மட்டும் யாரும் அவனுக்குக் கற்றுத் தரவில்லை.

ஜூன் 13

ட்ரொல்லோப்பின் இன்னொரு தம்பதி: ‘ஃபினியஸ் ஃபின்’ நாவலில் வரும் லேடி லாராவும் ராபர்ட் கென்னடியும். சகோதரனின் கடனை அடைக்கத் தன் 40,000 பவுண்டைக் கொடுத்துவிட்டு, காதலித்தவனை விட்டு, பணக்காரரான கென்னடியைக் கட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை எதைப் படிக்க வேண்டும் என்பதுவரை அவர் உத்தரவு. தாங்க முடியாமல் பிரிந்து, கடைசியில் ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் போய் அப்பாவோடு வாழ்கிறாள். அவ்வளவு தூரம் ஏன் என்றால், இங்கிலாந்தில் இருந்தால் ‘என்னோடு வந்து வாழ்’ என்று கணவன் வழக்குப் போடலாம்.

இந்த வழக்குமுறை நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. பம்பாயில் ருக்மாபாய்க்கு 11 வயதில் கல்யாணம். வளர்ந்த பிறகு கணவனோடு போக மறுத்தார். 1884இல் கணவன் தாதாஜி வழக்குப் போட்டார். முதல் நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 1887இல் கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பு வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். 1888இல் பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. பிறகு லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, டாக்டராக வாழ்ந்தார். வேடிக்கை இல்லை, வேதனை: இதே குற்றத்துக்குச் சிறை கிடையாது என்று இங்கிலாந்தில் 1884லேயே மாற்றிவிட்டார்கள். அந்த வழக்குமுறையையே 1970இல் எடுத்தும்விட்டார்கள். நம்முடைய 1955 இந்து திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக அது உட்கார்ந்திருக்கிறது. லேடி லாரா பழைய காலத்து ஆள் என்று எனக்குத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

ஜூன் 15

சின்னக் குறிப்பு. கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய எலியட், சட்டப்படி கல்யாணம் ஆகாமலே ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு 1854 முதல் அவர் இறக்கும்வரை வாழ்ந்தார். லூயிஸின் மனைவிக்கு வேறொருவரோடு பிறந்த குழந்தையை லூயிஸ் தன் பெயரில் பதிவு செய்ததால், பிறகு விவாகரத்துக் கேட்க வழி அடைபட்டுப்போனது. எலியட்டின் அண்ணன் பல வருஷம் அவரோடு பேசவில்லை. 1880இல் வேறொருவரை அவர் முறைப்படி மணந்ததும் வாழ்த்துக் கடிதம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் எலியட் இறந்துவிட்டார்.

ஜூன் 18

‘1882க்குப் பிறகு மனைவிக்குச் சொத்துரிமை வந்துவிட்டதே, அப்புறம் பிரச்சினை தீர்ந்ததா?’ என்ற கேள்விக்கு.

கிஸ்ஸிங்கின் ‘தி ஆட் விமன்’ (1893) படியுங்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துக் களைத்துப்போன மோனிகா, வயதில் மூத்த விடோசனைக் கட்டுகிறாள். அவனுக்குச் சட்டமெல்லாம் தேவையே இல்லை. ‘உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், நீ ஏன் தனியாக வெளியே போகிறாய்?’ இது ஒன்று போதும். எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், ஏன் பத்து நிமிஷம் தாமதம். எல்லாம் அன்பின் பெயரில். நாலாம் தேதி நான் கேட்ட கேள்விக்கு இங்கே இன்னொரு பக்கம் தெரிகிறது. அதிகாரம் அன்பைக் கொல்லும் என்றேன். விடோசனிடம் அன்பே அதிகாரத்தின் வேலையைப் பார்க்கிறது.

பெண்ணின் இடம் வீடு என்பதற்கு அவன் மனைவியைப் படிக்கச் சொல்வது கலை விமர்சகர் ரஸ்கினை. அந்த ரஸ்கின் 1848இல் எஃபி கிரேயை மணந்தவர். உடலுறவே நிகழாத அந்தக் கல்யாணம் 1854இல் செல்லாது என்று ரத்தானது. அடுத்த வருஷம் எஃபி ஓவியர் மில்லேயை மணந்தார். வீட்டை மனைவி எப்படி ஆள வேண்டும் என்று ரஸ்கின் சொற்பொழிவாற்றியது அதற்கெல்லாம் பத்து வருஷம் கழித்து.

ஜூன் 21

‘இந்தப் புத்தகங்களில் ஒரு நல்ல தம்பதிகூட இல்லையா?’

நல்ல தம்பதி என்று சொல்வேனா தெரியாது. மிடில்மார்ச்சின் 74ஆம் அத்தியாயம். பேங்கர் புல்ஸ்ட்ரோடின் பழைய மோசடி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மனைவி ஹாரியட்டுக்கு மட்டும் தெரியாது. கடைசியில் தன் சகோதரன் வாயால் கேட்கிறாள். வீட்டுக்கு வந்து அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொள்கிறாள். இருபது வருஷம் மரியாதையாக வாழ்ந்த வாழ்க்கைக்குத் தனியாக அழுது முடிக்கிறாள். பிறகு நகைகளைக் கழற்றி வைக்கிறாள். கறுப்பில் ஒரு சாதாரணக் கவுன். அலங்காரத் தொப்பியை எடுத்துவிட்டு, முடியைப் படிய வாரி, வெறும் துணிக் குல்லா. ஆடம்பரப் பிரியை அவள், அது நமக்குத் தெரியும். அந்தக் கோலத்தில் இறங்கிப் போகிறாள். அவன் தலை நிமிரவில்லை, உடம்பே சுருங்கிப்போன மாதிரி உட்கார்ந்திருக்கிறான். தோளில் கைவைத்து, நிமிர்ந்து பாருங்கள் நிக்கலஸ் என்கிறாள். இருவரும் அழுகிறார்கள். எதெல்லாம் பொய் என்று அவளும் கேட்கவில்லை, நான் குற்றமற்றவன் என்று அவனும் சொல்லவில்லை.

கணவன் எதுவாக இருந்தாலும் கூட நிற்க வேண்டும் என்ற பழைய பாடத்தைத்தானே இதுவும் சொல்கிறது என்று யாராவது கேட்கலாம். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. வைல்ட்ஃபெல் ஹாலில் ஹெலன் சாகக் கிடக்கும் ஹண்டிங்டனுக்குப் பணிவிடை செய்யத் திரும்பிப் போனதற்கு எவ்வளவோ பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் போன விதத்தைப் பாருங்கள். மகனை அவன் கண்ணில் காட்டுவதற்கு முன்னால், பிள்ளை என் பொறுப்பில்தான் இருப்பான் என்று எழுதி, வேலைக்காரி ரேச்சலைச் சாட்சிக்கு வைத்து, கையெழுத்து வாங்குகிறாள். அப்புறம்தான் தலையணையைச் சரி செய்கிறாள். அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் நின்றிருக்காது. இருந்தாலும் வாங்கினாள்.

ஹாரியட்டிடம் அப்படிக் காகிதம் ஏதும் இல்லை. அவளுக்கு வேண்டியும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த ராத்திரி புல்ஸ்ட்ரோடிடம் எந்த அதிகாரமும் மிச்சம் இல்லை. இந்த இரண்டு பெண்களில் யார் செய்தது பெரிது என்று எனக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இன்றைக்கு ஹெலன் பக்கம் சாய்கிறேன்.

ஜூன் 24

கடைசியாக ஒருவர் கேட்டது: ‘தானாக அதிகாரத்தை விட்டுக்கொடுத்த கணவன் எவனாவது உண்டா?’

உண்டு. ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ (1895), பள்ளி ஆசிரியர் பில்லட்சன். இளம் மனைவி சூ அவரை வெறுக்கவில்லை, அவர் தொடுவதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் ஞாபகப் பிசகாக அவள் படுத்திருந்த அறைக்குள் நுழைந்துவிடுகிறார், அவள் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறாள். அதைப் பார்த்த பிறகு, இவளைப் பிடித்து வைக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்து, காதலன் ஜூடிடமே போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பள்ளி நிர்வாகம் ராஜினாமா கேட்கிறது. மறுக்கிறார். ஊர்க் கூட்டத்தில் கனவான்கள் அத்தனை பேரும் எதிர். அவருக்காகப் பேச வந்தவர்கள் சந்தைக்குச் சந்தை அலையும் நாடோடி வியாபாரிகள் மட்டும்தான். கைகலப்பாகி, பாலஸ்தீன வரைபடத்தால் ஓர் அடி, கோவில் நிர்வாகி ஒருவர் தலை படத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. வேலை போய்விடுகிறது, சம்பளம் போய்விடுகிறது, மரியாதை போய்விடுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் பில்லட்சனை நான் கும்பிட்டிருப்பேன். ஹார்டி நிறுத்தவில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்து மனசு உடைந்த சூ, இது கடவுளின் தண்டனை என்று நம்பி, பிடிக்காமலே திரும்பி வருகிறாள். அவர் ஏற்றுக்கொள்கிறார். போன தடவை இளகியதால் தெருவில் நின்றவர் அவர், இந்தத் தடவை இளகத் தயாராக இல்லை. ஜூடை இனிப் பார்க்கவே மாட்டேன் என்று பைபிள் மேல் அவளைச் சத்தியம் செய்ய வைத்த பிறகுதான் அறைக்குள் விடுகிறார். அவர் கெட்டவராக மாறிவிட்டார் என்று ஹார்டி எழுதவில்லை. ஊர் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

‘ஜூட்’ படித்தவர்கள் இங்கே யார் யார் இருக்கிறீர்கள்? பில்லட்சனை மன்னிக்க முடியுமா என்று நீங்களும் எழுதுங்கள். என்னால் முடியவில்லை.